மச்சானின் கையும் மற்ற கைகளும்

மாசி மாதம், மிளகாய் பழுத்துச் செடி தரையில் சாய்ந்து நிற்கிற நேரத்தில், என் மச்சானுக்கு வலது பக்கம் விழுந்துபோனது. மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். வரப்பில் நின்று யாரையோ வைதுகொண்டிருந்தவர் பாதி வசவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மீதி வசவு வாயிலிருந்து வரவில்லை என்றதும்தான் வேலையாட்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அவர் வசவைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. நல்லவேளை, தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதத்தில் காலும் பேச்சும் திரும்பி வந்தன. வலது கை மட்டும், கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரரைப் போல, வருகிறேன் என்றும் சொல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லாமல் தோளில் தொங்கியது.

நான் அப்போது பாம்பன் தீவில் அக்காள்மடம் என்ற ஊரில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில் மனம் கொஞ்சம் நிற்கும் என்று நினைத்துப் போனவன். காற்று நிற்க விடவில்லை. ஆறு மாதம் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கும், அடுத்த ஆறு மாதம் அங்கிருந்து இங்கேயும் அது போய்வந்தபடி இருந்தது. கொடியில் காய்கிற வேட்டியைப் போல நானும் அதன் கூடவே திரும்பிக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கியும் குடும்பம் இல்லாத ஒருவன் எங்கள் சொந்தத்தில் ஊர்க் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். அக்கா போன் செய்தாள்.

"ஏலே, அங்கன என்ன செய்யுற?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அப்பச் சும்மாதான் இருக்க. பொறப்பட்டு வா. மச்சானுக்கு மதுரையில இருந்து ஒரு மெசின் வருது. தொட்டா பேசுமாம். எனக்கு அதெல்லாம் ஆகாது."

பாம்பன் பாலம் தாண்டி, உச்சிப்புளியில் இறங்கி, உள்ளே போகிற மினி பஸ்ஸில் ஏறினேன். பாதையின் இரண்டு பக்கமும் களத்தில் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் தும்மினார்கள். நானும் தும்மிக்கொண்டே அக்கா வீட்டு வாசலில் இறங்கினேன். அதை யாரும் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகாய்க் காலத்தில் எங்கள் பக்கம் தும்மலுக்கு மரியாதை கிடையாது.

மெசினைக் கொண்டுவந்து வைத்தது ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா. வயது இருபத்தெட்டு இருக்கலாம். தையல் மெசின் அளவில் வெள்ளையாக ஒரு சாதனம். அதன் வாய்க்குள் கையை விட்டு, முழங்கைக்குக் கீழே பட்டையைக் கட்டிவிட்டால், விரல்களை அது மெல்ல மடக்கி விரிக்கும். நாம் கொஞ்சம் முயன்றால் மீதியை அது செய்து முடிக்கும். நமக்குப் பலம் கூடக் கூட அது தன் உதவியைக் குறைத்துக்கொண்டே போகும். எதிரே ஒரு டேப்லெட். அதில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், நிஜப் பெண் இல்லை, வரைந்து அசையவிட்ட பெண், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள். பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. இரண்டு மாதத்துக்கு மெசின் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு நாளும் நடப்பதை அது தானாகவே மதுரைக்கு அனுப்பிவிடும்.

டாக்டரம்மா என்னிடம் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். ஒன்று, வேறு யாராவது கையை விட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், திரையில் 'விருந்தினர்' என்ற பொத்தானை முதலில் தொட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கையையும் மெசின் ஐயாவின் கை என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு, வலி எவ்வளவு என்று அவள் கேட்கும்போது ஐயா உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஈடில்லை.

மச்சானுக்கு அந்தக் கை எதற்கு வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெட்டவோ கொத்தவோ அவருக்கு ஆள் உண்டு. கையெழுத்துப் போட இடது கைப் பெருவிரல் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். சோறுதான் பிரச்சினை. இடது கையால் சாப்பிடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கரண்டியைக் கண்டால், "நான் என்ன சீக்காளியா?" என்பார். அதனால் மதியம் ஒரு மணிக்கு அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவாள். கதவு சாத்தப்படும். கால்மணி நேரம் கழித்து அவள் காலித் தட்டுடன் வருவாள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, பின்னால் வருவார். விசேஷம் எதற்கும் அவர் போவதில்லை.

ஆனியில் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. பங்காளிகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, மூத்தவர் இலையில் கைவைத்து முதல் வாய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும். பத்து வருடமாக அந்த மூத்தவர் என் மச்சான்தான்.

"ஆனிக்குள்ள கை வந்தா கோயிலுக்கு வாரேன். வரலைன்னா நான் வரல. அவ்வளவுதான்" என்றார்.

முதல் நாள் காலை பச்சைப் புடவைக்காரி கையைக் கூப்பினாள். "வணக்கம். இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?"

மச்சான் தவித்துப்போனார். வணக்கம் சொன்னவருக்குத் திருப்பிக் கும்பிடாமல் இருக்க முடியாது. வலது கை மெசினுக்குள் கட்டிக் கிடக்கிறது. ஒற்றை இடது கையைத் தூக்கினால் மரியாதை இல்லை. தலையை மேசை வரைக்கும் தாழ்த்தினார். "வாம்மா. நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை."

"அதுக்கு வீடு எங்கன இருக்கு? நம்ம வீட்டு மேசையிலதான குடியிருக்கு" என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

பதினைந்து நிமிடம் விரல்கள் மடங்கி விரிந்தன. மச்சானின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டாள்: "உங்கள் வலியின் அளவைக் கூறுங்கள். வலி இல்லை என்றால் பூஜ்யம். தாங்க முடியாத வலி என்றால் பத்து."

"பூஜ்யம்மா" என்றார் மச்சான்.

அவள் போன பிறகு, அதாவது திரை அணைந்த பிறகு, கேட்டேன். "மச்சான், வலிக்குதா இல்லையா?"

"உசுரு போகுது."

"அப்ப ஏன் பூஜ்யம்னீக?"

"வந்த புள்ளைட்ட காலங்காத்தால வலி வலின்னு பொலம்பவா? நம்ம வீட்டுக்கு வந்திருக்கு மாப்ள. அதுக்கும் மனசு சங்கடப்படும்ல?"

அதன் பிறகு தினமும் பூஜ்யம்தான். மச்சானின் வலியை அறிந்தவர்கள் வீட்டில் மூன்று பேர். அறிய வேண்டிய ஒருத்திக்கு மட்டும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

பயிற்சியில் ஒரு விளையாட்டு இருந்தது. திரையில் ஒரு மரம், அதில் ஆப்பிள். கையை அசைத்தால் திரையிலும் ஒரு கை அசையும். ஆப்பிளைப் பிடித்து, இழுத்து, கூடையில் போட வேண்டும். மச்சான் வாழ்நாளில் ஆப்பிள் பறித்தவரில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் கொண்டுபோகிற சாமான் என்றுதான் ஆப்பிளைப் பற்றி எங்கள் பக்கம் தெரியும். அவர் கைக்குத் தெரிந்தது மிளகாய். மிளகாயை நேராக இழுக்கக் கூடாது. பெருவிரலால் ஒரு சின்னத் திருகு கொடுத்தால் காம்போடு கழன்று வரும். பாதி செத்த கையிலும் அந்தத் திருகு மட்டும் எங்கோ உயிரோடு இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஆப்பிளையும் அவர் திருகப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மெசின் விறைத்து நின்றது.

"தவறான அசைவு. நேராக இழுக்கவும்."

"தவறா? நாப்பது வருசமா பறிக்கிறேன். நேரா இழுத்தா கொப்பு ஒடியும்டீ!"

சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டீ போட்டுட்டேனே மாப்ள. தப்பா எடுத்துக்கிருமோ?"

பத்து நாளில் விருந்தாட்கள் வர ஆரம்பித்தார்கள். உடம்பு சரியில்லாதவரை வந்து பார்க்காமல் விட்டால், அது ஆயுசுக்கும் சொல்லிக்காட்டப்படும். ஆகவே எல்லோரும் வந்தார்கள். ரொட்டிப் பாக்கெட்டும் ஆப்பிளும் அலமாரியில் ஏறிக்கொண்டே போயின. வந்தவர்களுக்கு அக்கா காப்பி கொடுத்தாள். மச்சானுக்கும் தன் பங்குக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்திருக்கிறது. அவர் மெசினைக் கொடுத்தார். "சும்மா கைய விட்டுப் பாருங்க. ஒண்ணும் செய்யாது."

மச்சான் விரலை மடக்கி 'அருமை' வாங்கியதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிய முதல் பெரியவருக்கு நான் ஒழுங்காக 'விருந்தினர்' பொத்தானைத் தொட்டேன். விருந்தினருக்கு மெசின் கையை மடக்கி விரித்துக் காட்டும். அவ்வளவுதான். பச்சைப் புடவைக்காரி வாயைத் திறக்க மாட்டாள். பெரியவர் கையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கிட்ட 'அருமை'ன்னு சொல்லுச்சே, எனக்கு ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் போகும்போது முகத்தில் ஒரு குறை இருந்தது. சாப்பாட்டில் பாயசம் கிடைக்காதவரின் குறை. மச்சானால் அதைத் தாங்க முடியவில்லை.

"மாப்ள, இனிமே அந்தப் பித்தானை அமுக்காத. வீடு தேடி வந்தவுகளுக்குக் கொறை வைக்கப்படாது."

"டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிருக்காக மச்சான்."

"அவுக மதுரையில இருக்காக. வந்தவுக இங்கன இருக்காக."

 நான் பொத்தானை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த விரலைத்தான், என் விரலைத்தான், குற்றம் சொல்ல வேண்டும்.

நல்ல கைகளைக் கண்டதும் பச்சைப் புடவைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "அருமை! நீங்கள் மிகச் சிறப்பாகச் செய்கிறீர்கள்!" திரை முழுக்கப் பூ கொட்டியது. வெயிலில் கருத்து, எந்நேரமும் யாருடனாவது வரப்புத் தகராறு வைத்திருக்கிற ஆண்கள், அந்த ஒரு வார்த்தைக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி நெளிந்தார்கள். செய்தி பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து தூரத்துச் சொந்தமெல்லாம் நலம் விசாரிக்க வந்தது. இரண்டாவது தடவை விசாரிக்க வந்தவர்களும் உண்டு.

மச்சான் காட்டில் களையெடுக்கிற அம்மா ஒருவர் மிளகாய் நெடி மாறாத கையை உள்ளே விட்டார். "உங்கள் விடாமுயற்சி பாராட்டுக்குரியது" என்றாள் அவள். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னையவா சொல்லுது?"

"உங்களைத்தான்."

"எங்க வீட்டு மனுசன் முப்பது வருசத்துல ஒருநா சொன்னதில்லையே. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க, தம்பி."

இன்னொரு முறை சொன்னாள். இன்னும் ஒரு முறையும் சொன்னாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். மெசின் எல்லாவற்றையும் என் மச்சானின் முன்னேற்றம் என்று மதுரைக்கு எழுதி அனுப்பியது.

கடைசியில் சாயல்குடிப் பங்காளி வந்தார். மச்சானின் சித்தப்பா மகன். கருவேலங்கரி வியாபாரம். லாரிக்கு ஆள் வராவிட்டால் தானே மூட்டை ஏற்றுகிறவர். வயதில் மச்சானுக்கு அடுத்தவர். மச்சான் இல்லாவிட்டால் கோயில் பந்தியில் முதல் வாய் அவருடையது. அவர் கையை விட்டதும் மெசின் ஒருமுறை முனகியது.

"இதுவரை இல்லாத உயர்ந்த அளவு! வாழ்த்துகள்! நீங்கள் ஒரு முன்மாதிரி!"

பங்காளி மூன்று சுற்று விளையாடினார். ஆப்பிள் மரத்தை மொட்டையடித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மச்சானின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"அண்ணே, கை வரலேன்னு ஒண்ணும் நெனைக்காதீக. கோயில்ல மொத வாயை நான் பாத்துக்கிறேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் அது அப்படிக் குத்தியது. அன்று மதியம் உள்ளறைக் கதவு சாத்தப்பட்டது. தட்டு போனபடியே திரும்பி வந்தது.

மறுநாள் காலை பச்சைப் புடவைக்காரி வழக்கம்போல் கும்பிட்டாள். "உங்கள் சிறப்பான முன்னேற்றத்தின் அடிப்படையில், இன்று நாம் கடினமான நிலைக்குச் செல்கிறோம்." மெசின் தன் உதவியை நிறுத்திக்கொண்டது. சாயல்குடிக்காரரின் கைக்கு உதவி எதற்கு? மச்சான் மூச்சைப் பிடித்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் அசையவில்லை.

"நேற்று இதைவிடச் சிறப்பாகச் செய்தீர்கள். இன்று முழு முயற்சி எடுக்கவில்லை என்று தோன்றுகிறது."

"நேத்துச் செஞ்சது சாயல்குடிக்காரன்மா."

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை."

தலைக்கு மேலே உச்சிப்புளித் தளத்துக் கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அதன் இரைச்சல் கடல் பக்கம் போய் ஓய்ந்தது. பிறகு அவள் கேட்டாள், வலி எவ்வளவு என்று.

"பூஜ்யம்" என்றார் மச்சான். இந்த முறை 'ம்மா' இல்லை.

ஒரு வாரம் இப்படியே போனது. மச்சான் தினமும் தோற்றார். மாலையில் வருகிற ஊர் தினமும் ஜெயித்தது. மதுரையில் அவருடைய முன்னேற்றக் கோடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

டாக்டரம்மா வீடியோவில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா, சூப்பர்! இப்படி ஒரு ரெக்கவரிய நான் பார்த்ததே இல்லை. எங்க சீனியர் டாக்டருக்கும் காட்டினேன். இனிமே உங்களுக்கு மெசின் தேவையில்லை. வியாழக்கிழமை ஆள் வந்து எடுத்துக்குவாங்க. அடுத்து ஒரு அம்மா காத்திருக்காங்க."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் மச்சானின் கால் என் காலை மிதித்தது. கால் நன்றாகவே குணமாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

"சந்தோசம்மா" என்றார் மச்சான். 

எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் வந்தவர்கள் எல்லோரையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் மெசின் போகும், மெசினோடு ஆனியும் போகும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். விருந்தாட்களின் மானத்துக்காகத் தன் கையைக் கொடுக்கத் தயாராகிவிட்ட அந்த மனிதரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் இரண்டு அறை விடலாமா என்றும் இருந்தது.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர். அதை மச்சானுக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம். இந்தத் தம்ளரைப் பிடிக்கச் சொல்லுங்க உங்க ஐயாவை."

"பிடிங்க ஐயா."

"நாளைக்குப் பிடிக்கிறேன்மா."

"இப்பப் பிடிங்கங்கிறேன்" என்றாள் அக்கா.

மச்சான் கையை நகர்த்தினார். விரல்கள் தம்ளரைத் தொட்டன. சுற்றி வளைக்க முயன்றன. தம்ளர் சாய்ந்து, உருண்டு, மேசையிலிருந்து விழுந்து, வாசல் வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே போனது. மதுரையில் சிரிப்பு நின்றது.

"அப்போ... இந்த கிராஃப் எல்லாம்?"

"அது ஊருக் கை" என்றாள் அக்கா. "காடு கழனியில வேலை செய்யிற கை, கரி மூட்டை தூக்குற கை, அம்புட்டும் அதுல இருக்கு. இவுக கையத் தேடினா எங்கனயாச்சும் அடியில கெடக்கும். இந்தா நிக்கிறானே எந்தம்பி, இவன்தான் பித்தானை அமுக்காத ஆளு."

நான் திரைக்கு வெளியே நகரப் பார்த்தேன். அக்கா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மச்சான் பதறினார். சிரித்திருக்கிறார். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி ஐயா. வலி ஏன் தினமும் பூஜ்யம்னு இருக்கு?"

"கேக்குற புள்ளைட்ட எப்படிம்மா வலிக்குதுன்னு சொல்றது?"

"ஐயா, அது மரியாதைக்குக் கேக்கல. நீங்க சொல்றத வச்சுத்தான் எவ்வளவு உதவணும்னு அது முடிவு பண்ணும். நீங்க பூஜ்யம்னா, இவருக்கு இன்னும் கஷ்டமாக் குடுக்கலாம்னு நினைக்கும்."

மச்சான் யோசித்தார். "அப்ப, வலிக்குதுன்னு சொன்னா அது வருத்தப்படாதா?"

"படாது."

"நெசமா?"

"நெசமா, ஐயா."

டாக்டரம்மா பிறகு ஒன்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காதது. "கை வந்ததும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?"

மச்சான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "சோறு திங்கணும்" என்றார். "நாலு பேரோட உக்காந்து."

மெசின் ஆனி முடிகிறவரை இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. ரிப்பேருக்குப் போன இன்னொன்று வந்திருக்கிறது, காத்திருக்கிற அம்மாவுக்கு அதைக் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் அழித்து மச்சானை முதல் நிலைக்குக் கொண்டுவந்தார். ஆப்பிளுக்குப் பதிலாக, பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துக் குவிக்கிற பயிற்சியைப் போட்டார்.

மறுநாள் காலை பச்சைப் புடவைக்காரி வலியைக் கேட்டாள். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எட்டு."

"தெரிவித்ததற்கு நன்றி. இன்றைய பயிற்சியைக் குறைக்கிறேன்."

அவர் முகத்தில் பரவிய வியப்பை நான் மறக்க மாட்டேன். அறுபது வருடமாக நல்லாருக்கேன் என்று சொல்லிப் பழகிய ஒருவர், இல்லை என்று சொல்லி, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தோள் வலி, இடுப்பு வலி, கடைவாய்ப் பல், சாப்பிட்டதும் வருகிற ஏப்பம், பெரிய மருமகன் போன் செய்யாதது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். பல்லுக்கும் மருமகனுக்கும் அவள், "மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை" என்றாள். "புரியலைன்னாலும் கேட்டுக்கிருதுல்ல" என்றார் மச்சான்.

விருந்தாட்களுக்கு இப்போது பொத்தானைத் தொட்டேன். பாராட்டு நின்றுபோனதும் கூட்டம் கலங்கியது. ஈடுகட்டுவதற்காக நானே பக்கத்தில் நின்று, "அருமை, மிகச் சிறப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். களையெடுக்கிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சொல்றது ஒட்டல, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் நலம் விசாரிப்பது அடங்கியது.

வைகாசி முழுக்க அந்த விரல்கள் குவியப் படித்தன. அக்கா கேப்பை மாவைப் பிசைந்து கொடுத்தாள். அவர் உருட்டினார். உருண்டை என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை. கோழிகள் மேசைக்குக் கீழே நிரந்தரமாகக் குடியேறின. ஒரு நாள் சுண்டுவிரல் வந்தது. அடுத்த வாரம் அது போய் நடுவிரல் வந்தது. எல்லாம் ஒன்றாக வரும் நாள் அமையவில்லை. ஆனி பிறந்துவிட்டது.

"வாரீகளா, இல்லையா?" என்றாள் அக்கா, கிடாவெட்டு அன்று காலையில்.

மச்சான் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாதிதான் வந்திருக்கு."

"பாதிக் கையோட வாங்க. மீதி வரும்போது வரட்டும்."

கோயில் கருவேல மரங்களுக்கு நடுவே, மணலில். நாற்பது ஆண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டோம். இலை விழுந்தது. சோறு விழுந்தது. அதன் மேல் கறிக்குழம்பு விழுந்தது. விடியலிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையின் தலையில் மச்சான். அவர் பக்கத்தில் சாயல்குடிப் பங்காளி. அதற்கு அடுத்து, பங்காளி இல்லாவிட்டாலும் மச்சானுக்குத் துணையாக, நான். குழம்பின் ஆவி நேராக என் மூக்குக்குள் போனது.

மச்சான் கையை இலையில் வைத்தார். பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். விரல்கள் குவிந்தன, பிரிந்தன, மறுபடி குவிந்தன. ஒரு கவளம் எழுந்தது. மார்பு உயரத்தில் அது உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. வரிசையில் யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது கவளம் தாடை வரைக்கும் போனது. அங்கே கை நடுங்கி நின்றது. சோறு மீசையில் கொஞ்சம், மணலில் கொஞ்சம்.

தூரத்தில் ஒருவர் பொறுக்க முடியாமல் இலைப்பக்கம் விரலை நீட்டினார்.

"ஏலே!" சாயல்குடிப் பங்காளி முழங்கினார். "எவனும் கைய வைக்கப்படாது. அண்ணன் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருல்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா மட்டும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காலி அண்டாவைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அவர் தலையையும் கொஞ்சம் கீழே கொண்டுபோனார். கையும் வாயும் பாதி வழியில் சந்தித்தன. பத்துப் பருக்கை இருக்கும், ஒரு துண்டு ஈரல். உள்ளே போனது. மென்றார். நாற்பது பேரும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார்.

"உப்புக் கம்மி" என்றார்.

நாற்பது கைகள் ஒரே நேரத்தில் சோற்றில் விழுந்தன. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. நான் இரண்டாவது சோறு வாங்கினேன், மூன்றாவதும் வாங்கினேன், எலும்பைத் தட்டி உறிஞ்சி முடித்தேன். வயிறு நிறைந்து நிமிர்ந்தபோதுதான், அந்தப் பந்தியின் இன்னொரு வழக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. மூத்தவர் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

மச்சானின் இலையில் முதல் சோறே முக்கால்வாசி இருந்தது. அவர் அவசரப்படவில்லை. உருட்டினார், உதிர்த்தார், மறுபடி உருட்டினார். எங்கள் கைகளில் குழம்பு காய்ந்து இறுகியது. எங்களுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயல்குடிப் பங்காளி காய்ந்த விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, நெளியாமல், நேராக உட்கார்ந்திருந்தார். வெயில் மரத்தைச் சுற்றி வந்து எங்கள் முதுகில் ஏறியது.

அக்கா வாளியோடு வந்து அவர் இலைக்கு முன்னால் குனிந்தாள். "ரசம் ஊத்தவா?"

மச்சான் வரிசையை ஒருமுறை கடைசிவரைக்கும் பார்த்தார்.

"ஊத்து" என்றார். "சோறும் கொஞ்சம் வை."